கைராசியா, கைப்பழக்கமா?

ஸ்கந்தபுரத்தில் காலபோக விதைப்பு நடக்கும் நாளில் வரம்பிலே நின்று பார்ப்பவருக்கு, உலகிலேயே இலகுவான தொழில் அதுதான் என்று தோன்றும். இடுப்பிலே கடகம்; கடகத்திலே முளை நெல். ஓர் அடி எடுத்து வைக்கிறார், ஒரு பிடி அள்ளுகிறார், கையை வீசுகிறார். மறு அடி, மறு பிடி, மறு வீச்சு. பேச்சுக் கொடுத்தால் பதிலும் சொல்லுகிறார். "இதிலே என்ன பெரிய வித்தை?" என்று பட்டினத்திலிருந்து வந்த விருந்தினர் நினைத்தால் வியப்பில்லை.

அந்த வீச்சிலே என்ன இருக்கிறது என்பதை முதலில் ஒரு கணக்காகப் பார்ப்போம். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறத்தாழ 40 கிலோ விதை நெல் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மணியின் நிறை 25 கிராம் என்று கொண்டால், அந்த 40 கிலோவில் 16 இலட்சம் மணிகள் உண்டு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே ஒவ்வொரு சதுர அடியிலும் 36 அல்லது 37 மணிகள் விழவேண்டும். வரம்போரத்திலும் அவ்வளவு, நடு வயலிலும் அவ்வளவு, கடைசி மூலையிலும் அவ்வளவு.

அடர்ந்து விழுந்த இடத்தில் பயிர் ஒன்றையொன்று நெருக்கி, மெலிந்து உயர்ந்து, மழைக்காற்றிலே சாய்ந்துவிடும்; காற்றோட்டமில்லாத அடிப்பகுதியில் கபிலநிறத் தத்திகள் குடியேறும். ஐதாக விழுந்த இடத்தைப் புல்லும் கோரையும் பிடித்துக்கொள்ளும். விதைக்கிறவர் சதுர அடி போட்டு அளப்பதில்லை. விரல்களின் இடைவெளி, பெருவிரல் விதையை விடும் நேரம், தோளின் சுழற்சி, காற்று வரும் பக்கம் ஆகிய அனைத்தையும், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவரது கை கவனித்துக்கொள்கிறது. அவர் எடுத்து வைக்கும் அடிகூட வெறும் நடையன்று, அதுதான் அளவுகோல். அடி நீண்டால் விதை ஐதாகும். சேற்றிலே கால் புதைந்து அடி குறுகினால் விதை அடர்ந்துவிடும்.

வீச்சுக்கு முன்னரும் வேலை உண்டு. விதை நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கிலே கட்டி மூடி வைக்கிறார்கள். எப்போது சாக்கை அவிழ்ப்பது? முளை சற்றே எட்டிப் பார்க்கும் வேளையில் அவிழ்க்க வேண்டும். பிந்தினால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; பின்னிய நெல் விரலிடையால் தனித்தனியே பிரிந்து போகாது; கட்டி கட்டியாய் விழும். வீட்டுப் பெரியவர் சாக்கினுள்ளே கையை விட்டுச் சூட்டைப் பார்த்து நாள் சொல்லுகிறார். சேறும் அப்படியே. கலங்கிய சேற்றிலே விதைத்தால் நெல் புதைந்து அழுகும். இறுகிய சேற்றிலே விதைத்தால் மேலே கிடந்து காயும், அல்லது குருவிக்கு உணவாகும். இவையெல்லாம் முடிந்த பிறகு நடக்கும் வீச்சைத்தான் விருந்தினர் காண்கிறார்.

"எப்படி வீசுகிறீர்கள்?" என்று அந்தக் கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "சும்மா வீச வேண்டியதுதான்" என்பார். அவர் தொழிலை ஒளிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் எண்ணி எண்ணிச் செய்தவை நாளடைவில் உடம்புக்குள்ளே இறங்கி, மனத்தின் கண்ணுக்கு எட்டாத ஆழத்திற்குப் போய்விட்டன. பார்ப்பவருக்கு மறைந்திருக்கும் உழைப்பு, செய்பவருக்கும் மறைந்துவிட்டது. இதை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், தான் எப்படிக் கற்றேன் என்பதை மறந்துபோன தகப்பன்தான், முதன்முறை வீசிய மகனைப் பார்த்து, "உனக்குக் கைராசி இல்லையடா" என்று சொல்லிவிடுகிறான்.

விதைப்பைக் கற்பதில் இன்னொரு கடினமும் உண்டு. பிழை உடனே தெரியாது. வீசிய கையின் குறை, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பயிர் பச்சை பிடிக்கும்போதுதான் பொத்தலாகவும் திட்டாகவும் தெரியவரும். காலபோகம் ஒன்று, தண்ணீர் இருந்தால் சிறுபோகம் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு தடவைகள் மட்டுமே. இருபது வருட அனுபவமுள்ளவருக்கும் நாற்பது விதைப்புக் காலங்களுக்கு மேல் கிடைத்திராது. அப்படியானால் கை எங்கே பழகிற்று?

யூரியா எறிவதிலே பழகிற்று. விதைப்பதற்கும் உரம் எறிவதற்கும் வீச்சு ஏறத்தாழ ஒன்றே. சிறுவனிடம் விதை நெல்லைக் கொடுக்கத் துணியாத தகப்பன், ஒரு சிறு வயல் துண்டிலே உரம் எறிய விடுகிறார். சீராக எறியாவிட்டால் சில நாளிலே வயல் தானே காட்டிக்கொடுத்துவிடும்: கூடுதலாக விழுந்த இடம் கரும்பச்சையாகவும், விழாத இடம் மஞ்சளாகவும் பட்டை பட்டையாய் நிற்கும். ஊரார் போகும் வழியில் உள்ள வயலென்றால் அந்தப் பட்டை பெரும் ஆசிரியர்! அடுத்ததாக, விதையைப் பாதி பாதியாகப் பிரித்து, முதற் பாதியை நெடுக்கேயும் மறு பாதியைக் குறுக்கேயும் வீசச் சொல்வார்கள். ஒன்றின் குறையை மற்றது மூடும். இப்படிப் படி படியாக ஏறிய பின்னரே முழு வயலும் அவன் கைக்கு வரும். இதைப் பயிற்சி என்று எவரும் பெயரிட்டு அழைக்கவில்லை. அதனாலேயே பயிற்சி எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டோம்.

வயலை விட்டுச் சற்று வெளியே பார்த்தாலும் இதுவே உண்மை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933-1975) தவில் வாசித்ததைக் கேட்டவர்கள், அந்த விரல்களிலே மழை பெய்தது என்று இன்றும் சொல்லி மகிழ்வார்கள். தவிற் கலைஞரான தந்தை விசுவலிங்கத்திடம் தொடங்கி, தமிழகத்தில் நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடமும் அவர் பயின்றார். தவில் கற்கும் பிள்ளை, சொற்கட்டை முதலில் வாயாற் சொல்லிப் பழகுகிறான். வாயிலே தடுமாறுவது கையிலே நேராக வராது. மெதுவாகச் சொல்லி, பிறகு அதையே இரட்டித்துச் சொல்லி, கணக்கு மனத்திலே ஊன்றிய பின்னரே வேகம் வருகிறது. சபையிலே நாம் கேட்டது அந்த வேகத்தை மட்டுமே.

நம் பிள்ளைகள் நன்கறிந்த முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்வோம். 1992இல் தமது முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தில் விளையாடியவர், 2010 யூலை 22 அன்று காலியில் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி விடைபெற்றார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை, வழக்கத்துக்கு மாறாக வளையும் மணிக்கட்டு ஆகியவற்றைக் காட்டி, "அது பிறவியிலே வந்த கை" என்று சொன்னவர்கள் ஏராளம். கை பிறவியிலே வந்தது உண்மையே. ஆனால் அந்தக் கையோடு அவர் முதலில் வீசியது மிதவேகப் பந்து! கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, பதினான்கு வயதளவில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றினார். பிறவிக் கை என்ன செய்யவேண்டும் என்று அந்தக் கைக்கே தெரிந்திருக்கவில்லை. ரெஸ்ற் ஆட்டங்களில் அவர் வீசிய பந்துகள் 44,039. இவை கணக்கிலே ஏறியவை. வலைக்குள்ளே, ஆள் பார்க்காத நேரத்திலே வீசிய பந்துகளுக்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

அத்தகைய கணக்கை இசையில் எடுக்க முயன்றவர் அன்டர்ஸ் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர். பேர்லின் நகர இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணவரைப் பற்றி அவரும் துணைவர்களும் எழுதிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. மிகச் சிறந்த மாணவர் 18 வயதுக்குள் தனியே இருந்து பயின்ற நேரம் சராசரி 7,410 மணித்தியாலம். அடுத்த தரத்தினர் 5,301. இசை ஆசிரியராக வரவிருந்தோர் 3,420. இதைப் பிடித்துக்கொண்டு, "பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் எவரும் வல்லவராகலாம்" என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. மணித்தியாலம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்று பின்வந்த ஆய்வாளரும் காட்டியிருக்கிறார்கள். பிறவி வேறுபாடு இல்லையென்று யாரும் பிடிவாதம் செய்ய வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு. அம்மாணவர்களிடம் எரிக்சன் தேடியது, நன்றாக வந்த பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து மகிழ்வதையன்று; வராத பகுதியிலே உட்காரும் பயிற்சியை. தனிப்பயிற்சி இன்பமானது என்று அவர்கள் சொல்லவுமில்லை. பயனுள்ளது, களைப்புத் தருவது என்றார்கள். மற்றொன்று: மேல் இரு தரத்தினரும் இசை ஆசிரியராக வரவிருந்தோரைவிடக் கூடுதலாக நித்திரையும் கொண்டார்கள். விடிய விடியப் பிள்ளையைப் படி படி என்று எழுப்பி வைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்வது நன்று.

கைராசி என்ற சொல்லிலே பாராட்டு இருப்பதுபோலத் தோன்றினும், அது இருவருக்கு அநீதி செய்கிறது. ஒருவர், உழைத்துக் கற்றவர். சைக்கிள் திருத்துபவர் சில்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இரண்டு கம்பியை முறுக்கி, ஐந்து நிமிடத்தில் கோணலை எடுத்துவிடுகிறார். "ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு காசா?" என்கிறோம். தட்டுத்தடுமாறி மூன்று மணித்தியாலம் எடுத்திருந்தால் மனமுவந்து கொடுத்திருப்போம் போலும்! அம்மா சுளகிலே அரிசி புடைக்கும்போது கல் ஒரு பக்கமும் குறுநொய் ஒரு பக்கமும் தாமாகவே ஒதுங்குவதாக எண்ணிக்கொண்டு, அதை வேலை என்றே கணக்கில் எடுக்காத வீடுகள் எத்தனை! ஒருநாள் அந்தச் சுளகை வாங்கிப் புடைத்துப் பாருங்கள்; அரிசி முற்றத்திலே கிடக்கும்.

மற்றவர், கற்க வந்த பிள்ளை. அண்ணன் இலகுவாகச் செய்வதைப் பார்க்கிறான். தனக்கு வரவில்லை என்பதைக் காண்கிறான். நடுவிலே உள்ள வருடங்களை அவனுக்கு எவரும் காட்டவில்லை. ஆகவே தனக்கு அது எழுதப்படவில்லை என்று முடிவு கட்டுகிறான். கணிதத்தையும் ஆங்கிலத்தையும் இவ்வாறு கைவிட்ட பிள்ளைகளை எல்லாப் பாடசாலையிலும் காணலாம்.

ஸ்கந்தபுரத்தைப் பொறுத்தவரை இது பாடசாலையோடு நிற்கிற விடயமன்று. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அந்த மக்களுக்கு இடம் கொடுத்த ஊர் அது. 2008இல் அந்த ஊரும் எழுந்து போகவேண்டியதாயிற்று. 2009 மே மாதத்திற்குப் பின் முகாம் வாழ்க்கை. மீள்குடியேற்றம் 2010 அளவிலே. தகப்பனுக்குப் பின்னால் வயலிலே நடந்திருக்க வேண்டிய வயதில், ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வயலையே காணாதிருந்தார்கள். திரும்பி வராத தகப்பன்மாரும் உண்டு. வீட்டைக் கட்டலாம், வரம்பைக் கட்டலாம், குளத்தைத் திருத்தலாம். சொல்லிலே இல்லாமல் கையிலே மட்டும் இருந்த ஒன்று, அந்தக் கை போனபின் எங்கே கிடைக்கும்? "இவங்களுக்கு வயல் வேலை வராது" என்று இன்று முப்பது வயதை எட்டும் மகன்மாரைப் பற்றிச் சிலர் அலுத்துக்கொள்ளும்போது, இந்த இடைவெளியை நினைப்பதில்லை.

இப்போது முதுகிலே மாட்டும் இயந்திரத்தாலும் விதைக்கிறார்கள். நல்லதே, தோள் நோவு குறைகிறது. ஆனால் இயந்திரத்தைச் சுமந்து நடக்கும் அடி ஒழுங்கில்லாவிட்டால் அங்கும் திட்டும் பொத்தலும் உண்டு. இயந்திரம் கையை விடுவித்தது, காலை விடுவிக்கவில்லை.

ஆதலால் வருகிற காலபோகத்திற்கு ஒரு சிறிய பயிற்சி. வயலிலே ஒரு மூலையை, கால் ஏக்கரிலும் குறைந்த துண்டை, மகனுக்கோ மகளுக்கோ விட்டுவிடுங்கள். விதையைப் பாதியாகப் பிரித்து நெடுக்கும் குறுக்குமாக வீசட்டும். பத்து நாள் கழித்து, ஓரடி நீளமான நான்கு தடிகளைச் சதுரமாகக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு வயலுக்குப் போங்கள். வரம்போரத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், மூலையில் ஓரிடம் என்று சதுரத்தை வைத்து, உள்ளே நிற்கும் நாற்றுகளை எண்ணி ஒரு கொப்பியிலே குறித்துக்கொள்ளுங்கள். விதைத்த மணிகள் எல்லாம் முளைப்பதில்லை. ஆகவே 36 வராது. மூன்று இடங்களிலும் எண் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது. பிறகு அதே சதுரத்தைத் தகப்பன் விதைத்த பக்கத்திலும் வைத்து எண்ணுங்கள். ஐதான இடங்களுக்கு, அடர்ந்த இடத்திலிருந்து நாற்றைப் பிடுங்கிப் பிள்ளையே நடட்டும். எண்ணி முடியும் வரைக்கும் தகப்பன் வாய் திறக்காமல் இருந்தால் மிகவும் உத்தமம்.