வேருக்கேற்ற வெயில்

மதுரை வெயிலில் எதைப் போட்டாலும் காய்ந்துவிடும். வற்றல், வடகத்துக்கு அது வரம். மருந்து வேர்களுக்கு அந்த வெயிலை அப்படியே காட்டக் கூடாது. ஆண்டுதோறும் வீட்டுத் தேவைக்கு நன்னாரியும் சுக்கும் காயவைத்து நான் கற்றது இது. சித்திரையில் காற்றின் சூடு 40 டிகிரி என்றால், மொட்டை மாடித் தளத்தில் வைத்த வெப்பமானி 50-ஐத் தாண்டிவிடும். வேர் கிடப்பது தளத்தில்தானே?

நன்னாரியை மாடிக்கே ஏற்றுவதில்லை. ஜிகர்தண்டாவில் ஊற்றும் சர்பத்தின் வாசம் இந்த வேரின் பட்டையில் இருக்கிறது. நடுவிலுள்ள கட்டைப் பகுதியில் சத்து குறைவு. அந்த வாசத்தைத் தரும் பொருள் வெனிலினுக்கு நெருங்கிய உறவு. சூடு ஏற ஏற ஆவியாகிப் போய்விடும். சுடுதளத்தில் காய்ந்த நன்னாரி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், மோந்தால் வெறும் குச்சி. எனவே கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் கோரைப்பாயில் பரப்பிவிடுவேன். தினமும் ஒருமுறை புரட்டினால் போதும். ஆடி மாதக் காற்றுக்கு இது அருமையாகக் காயும். சித்தரத்தைக்கும் வசம்புக்கும் இதே நிழல்தான். சித்தரத்தையை மட்டும் பச்சையிலேயே வில்லைகளாக நறுக்கிவிட வேண்டும், காய்ந்தபின் கத்தி இறங்காது.

சுக்கு வேறு கதை. பச்சை இஞ்சியில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது 10 சதவீத அளவுக்கு இறங்காவிட்டால் ஐப்பசி அடைமழையில் பூசணம் பூத்துவிடும். ஆகவே வெயில் வேண்டும். சூட்டினால் ஒரு நன்மையும் உண்டு: இஞ்சியின் ஜிஞ்சரால், ஈரம் இழந்து ஷோகால் என்ற கூடுதல் காரமுள்ள பொருளாக மாறுகிறது. திருவிழாப் பானகத்தில் தொண்டையைத் தொடும் சுக்குக் காரம் அதுதான். ஆனால் மணம் தரும் எண்ணெய் சூட்டில் நிற்காது. மின் உலர்த்தி வைத்திருப்பவர்கள் 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்புறம் இறுகி உள் ஈரம் சிறைப்பட்டுவிடும். கடையில் வாங்கும் சுக்கு உள்ளே கறுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் தோலைச் சுரண்டி (சித்த மருத்துவத்தில் சுக்கின் தோலை நஞ்சு என்றே சொல்வார்கள்), நீளவாக்கில் பிளந்து, கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்துக் காயப்போடுவேன். அடியிலும் காற்றுப் போகும், தளத்தின் சூடும் ஏறாது. உச்சிவெயிலில் மேலே ஒரு மெல்லிய துணி. சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்த துண்டு ‘டக்’கென்று ஒடியணும், வளைந்தால் இன்னும் வெயில் பாக்கி.

மஞ்சளை வைத்து மற்றதை எடைபோடாதீர்கள். அதை வேகவைத்துத்தான் காயவைக்கிறார்கள். அதன் குர்குமின் சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தில்தான் வெளுக்கும்.

இவ்வளவு பார்த்துக் காயவைத்ததை மில்லில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. ஓடி ஓடிச் சூடேறிய இயந்திரத்தில் அரைத்தால் மிச்ச வாசமும் போய்விடும். காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய் அரைத்து வாருங்கள். பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள்.