ஊரிழந்த கழகமும் ஊரிலிருந்தே மறைந்த கழகமும்

நான் வசிப்பது உல்லாஸ்நகரில். பிரிவினையால் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்குப் புகலிடமான பழைய படைமுகாம், 1949இல் பெற்ற பெயர் அது. ஆதலால்தான் ஊரிழந்த ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாறு என்னை ஈர்த்தது போலும்.

உக்ரைன் நாட்டு டொனெட்ஸ்க், நிலக்கரி நகரம். அங்கே 1936இல் சுரங்கத் தொழிலாளரிடையே பிறந்தது இன்றைய ஷக்தார் கழகம். அச்சொல்லுக்கே சுரங்கத் தொழிலாளி என்பது பொருள். 2014இல் போர் மூளவே மைதானத்தைத் துறந்தது. லிவீவ், கார்கிவ், கீவ் என அலைந்தது. 2022இல் ஐரோப்பியப் போட்டிக்கான 'சொந்த ஊர்' ஆட்டங்களைப் போலந்தின் வார்சாவில் ஆடிற்று! இன்னும் ஆடுகிறது. பெருஞ்செல்வர் ஒருவரின் ஆதரவு அதற்குண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் பம்பாயிலும் தொழிற்சாலை பெற்ற கழகம் ஒன்றிருந்தது. ஜீப் வண்டி செய்யும் மகிந்திரா நிறுவனம் 1962இல் அமைத்த குழு அது. 'ஜீப்காரர்கள்' என்பது அதன் செல்லப்பெயர். டுராண்ட் கோப்பையை மும்முறை வென்றது. 2005-06இல் தேசிய லீக், ஃபெடரேஷன் கோப்பை இரண்டும் அதன் கையில். நான்கே ஆண்டுகளில், 2010இல், நிறுவனமே அதைக் கலைத்துவிட்டது. இனிச் சிறுவர் கால்பந்துக்கே ஆதரவு என்றது. போரில்லை, குண்டில்லை. கூப்பரேஜ் மைதானம் இருக்கிறது, ஜீப்காரர்கள் இல்லை.