தரையில் ஒட்டிய பழைய கார்ப்பெட்டைப் பெயர்ப்பது எப்படி?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தண்ணீர் புகுந்த கடைகள் பல. சரக்கு நட்டத்தைக் கணக்கெழுதி முடித்த பிறகும் பலருக்கு ஒரு தொல்லை பாக்கி நின்றது. அதுதான் தரையோடு பசை போட்டு ஒட்டிய கார்ப்பெட்டும் பி.வி.சி. ஷீட்டும். மேலே காய்ந்துவிட்டது போலத் தெரியும். அடியில் ஈரம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

வெள்ளம் வராத கடைக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். மளிகைக் கடையில் ஒட்டிய விரிப்பின் அடியில் சிந்திய மாவும் எண்ணெயும் சர்க்கரையும் இறங்குகின்றன. கரப்பானுக்கும் மாவு வண்டுக்கும் அதுவே வீடு. துடைப்பம் மேலோடு போகும், அடியைத் தொடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிம விதிமுறைகளும், உணவுப் பொருள் கையாளும் இடத்தின் தரை வழவழப்பாகவும் எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே என்றைக்கானாலும் இதைப் பெயர்த்தே ஆகவேண்டும். அதை முறையாகச் செய்யாவிட்டால் தரையும் போகும், சரக்கும் போகும்.

முதலில் பசையை அறிக

பெரும்பாலோர் முதல் வேலையாக உளியைக் கையில் எடுக்கிறார்கள். முதலில் அறிய வேண்டியது பசை எது என்பதே. கடையின் ஒரு மூலையில் ஒரு சதுர அடி அளவுக்கு வெட்டித் தூக்கிப் பாருங்கள்.

வெள்ளை அல்லது பால் நிறத்தில் காய்ந்திருந்தால் அது தண்ணீரில் கரைத்துப் பூசும் வகை. தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையின் இனம். அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் நகத்தால் சுரண்டும் அளவுக்கு இளகும்.

மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், இழுத்தால் நூல் போல நீண்டு வந்தால் அது ரப்பர் பசை. பெவிகால் எஸ்.ஆர். 998 இந்த வகையைச் சேர்ந்தது. இதற்குத் தண்ணீர் பலிக்காது. சூட்டுக்கு இளகும்.

கறுப்பாக, தார் போல இருந்தால் அங்கேயே கையை நிறுத்துங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

வேண்டிய கருவிகள்

விலை கூடிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கனமான கட்டர் கத்தியும் மாற்று பிளேடுகளும், முனையைப் பிடித்து இழுக்க ஒரு பெரிய கட்டிங் பிளேயர், பெயிண்டர்கள் வைத்திருக்கும் 4 அங்குலப் பட்டித் தகடு, நீண்ட பிடி வைத்த ஒரு சுரண்டி, இவை போதும். சுரண்டி கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றை முனை தீட்டி, ஒரு இரும்புக் குழாயில் பற்ற வைத்துத் தரும்படி வெல்டிங் பட்டறையில் கேளுங்கள். நின்றுகொண்டே வேலை செய்யலாம், முதுகு பிடிக்காது. ரப்பர் பசைக்கு மட்டும் மின்சார ஹீட் கன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். கையுறை, முகக்கவசம், பழைய கோணிச் சாக்கு ஆகியவையும் வேண்டும்.

செய்முறை

வேலை தொடங்குமுன் சரக்கைக் கடையை விட்டே அப்புறப்படுத்துங்கள். முடியாதவர்கள் கடையை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு வார விடுமுறை நாட்களில் செய்யலாம். நிற்கும் சரக்கின்மேல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தூசி பட்ட மாவு மூட்டையை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கார்ப்பெட்டை முழுதாக இழுக்கக் கூடாது. ஒரு அடி அகலத்துக்கு நீளவாக்கில் கீறிக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிளேயரால் பிடித்து, மேல்நோக்கி இல்லாமல் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுத்தால் பட்டை பட்டையாக வரும். வெடுக்கென்று இழுத்தால் மேல் துணி மட்டும் கையோடு வந்து, அடியிலுள்ள ஸ்பாஞ்சு தரையிலேயே தங்கிவிடும். அதன்பின் வேலை இரட்டிப்பாகும்.

வெள்ளைப் பசையானால் கோணிச் சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். சாக்கு சூட்டைப் பிடித்து வைக்கும். பிறகு சுரண்டினால் கூழ் போல வரும். ஆறவிட்டால் மறுபடி இறுகும், ஆதலால் இரண்டு முழ இடமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

ரப்பர் பசையானால் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்டி, இளகியவுடன் சுரண்டுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் ஷீட் கருகிப் புகையும், கடப்பைக் கல்லாக இருந்தால் பொரிந்துவிடும். கடைசியில் தங்கும் பிசுக்கின்மேல் மரத்தூளைத் தூவிச் சுரண்டினால் தகட்டில் ஒட்டாது.

சுரண்டியைத் தரையோடு படிந்தாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரையில் விழும் கீறல் ஒருநாளும் போகாது. மொசைக் தரையானால் பசையைச் சுத்தமாக எடுத்த பிறகே பாலிஷ் போடுபவரை அழையுங்கள். பசையோடு ஓட்டினால் பாலிஷ் கல் அடைத்துக்கொள்ளும்.

தின்னரும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம்

வேலையாட்கள் பலர், "ஒரு லிட்டர் தின்னர் வாங்கிக் கொடுங்க முதலாளி, அரை மணியில முடிச்சிடறோம்" என்பார்கள். ரப்பர் பசை தின்னரில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். சாமி படத்து விளக்கோ, ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வரும் பொறியோ போதும். எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த கடையில் பற்றினால் என்னவாகும் என்று வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்தால் ஆட்கள் மயங்கி விழவும் கூடும்.

தீப்பிடிக்காவிட்டாலும் நட்டம் உண்டு. தேயிலை, காப்பித்தூள், பால் பவுடர், கோதுமை மாவு, அரிசி இவை எல்லாம் வாடையை உறிஞ்சும் சரக்குகள். மாலையில் தின்னர் போட்டுத் துடைத்து, இரவில் கடையை மூடிவிட்டு, காலையில் திறந்து பார்த்தால் மூட்டைக்குள்ளே வாடை இறங்கியிருக்கும். அரை நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் அரைக் கடைச் சரக்கை இழப்பது வியாபாரம் ஆகாது.

கறுப்புப் பசையும் பழைய தரை ஓடும்

பழைய கட்டடங்களில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடுகள் கறுப்புப் பசையோடு இருப்பதுண்டு. இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பி.வி.சி.-ஆஸ்பெஸ்டாஸ் தரை ஓட்டுக்கு ஐ.எஸ். 3461 என்று தனித் தரக் கட்டளையே இந்தியாவில் வகுக்கப்பட்டது. உடையாமல் கிடக்கும்வரை பயமில்லை. உடைத்து, கிரைண்டிங் மெஷின் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கும், பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவர்கள் வேலையாளும், கடைப் பையனும், நாமும்தான். ஆகவே அத்தகைய ஓட்டைத் தொடாமல், அதன் மேலேயே கலவை போட்டுக் கல் பதிப்பதே நல்லது. தரை இரண்டு அங்குலம் உயரும், ஷட்டர் இறங்குமா என்று முன்னதாக அளந்துகொள்ளுங்கள்.

கூலி பேசும்போது

கார்ப்பெட்டைக் கிழித்தெடுப்பது எளிய வேலை. பசை சுரண்டுவதுதான் மெய்யான வேலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, "பசை நீக்கி, தரை கழுவி ஒப்படைக்க வேண்டும்" என்பதைத் துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். இல்லையேல் சுருட்டியதை வெளியே போட்டுவிட்டு முழுக் கூலி கேட்பார்கள். பசைத் தரை நம் தலையில் நிற்கும்.

கிழித்தெடுத்ததைக் கொளுத்தாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை அமிலப் புகை. சாக்கடையிலும் போடாதீர்கள். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் நம் கடைக்கே திரும்பும். நகராட்சிக் குப்பை வண்டியில் சேர்ப்பியுங்கள்.

அதன் பிறகு

தரையை உடனே மூடக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். துளி கட்டாத வரையில் அங்கே மூட்டை அடுக்க வேண்டாம், அடி மூட்டை புழுங்கிவிடும். பிறகும் மரச்சட்டம் போட்டு, சுவரை விட்டுத் தள்ளியே அடுக்குங்கள்.

மறுபடியும் பசை போட்டு எதையும் ஒட்டாதீர்கள். கடப்பைக் கல்லோ, வழுக்காத டைல்ஸோ மளிகைக்கு ஏற்றது. கல்லா அருகே விரிப்பு வேண்டுமென்றால் சுருட்டி எடுக்கத்தக்க பாயாக விரியுங்கள். வாரம் ஒருமுறை அதைத் தூக்கி உதறினால், அடியில் என்ன நடக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியும்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!