இருநூறு ஆண்டு உலைக்களம்

நுழையும்முன்

தமிழகத்துத் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் பயின்றோர் 'ரெமிங்டன்' என்னும் பெயரை நன்கு அறிவர். அப்பெயர் தட்டச்சுப்பொறியில் இடம்பெறுவதற்கு முன்பே துப்பாக்கிகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய துப்பாக்கி நிறுவனங்களுள் ஒன்றான ரெமிங்டன் இருமுறை வீழ்ந்தது; முதல்முறை எழுந்தது; இரண்டாம் முறை பிறந்த ஊரையே இழந்தது. இவ்விரு வீழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இப்பாடம் ஆராய்கிறது.

உலைக்களத்தில் தொடக்கம்

நியூயார்க் மாநிலத்தில் மோஹாக் ஆற்றின் கரையில் இலியன் என்னும் சிற்றூர் உள்ளது. 1816ஆம் ஆண்டு எலிஃபலெட் ரெமிங்டன் என்னும் இளைஞர், தம் தந்தையின் உலைக்களத்தில் தாமே ஒரு துப்பாக்கிக் குழலை உருவாக்கினார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. குழலின் செம்மையைக் கண்ட அக்கம்பக்கத்தார் தமக்கும் அதுபோல் வேண்டுமெனக் கேட்டனர். ஈரி கால்வாய் 1825இல் திறக்கப்பட்டதும் தொலைவிலுள்ள சந்தைகளுக்குப் பொருள்களைப் படகில் அனுப்பும் வழி பிறந்தது. மூன்றாண்டுகளில் ரெமிங்டன் தம் பட்டறையைக் கால்வாய்க் கரைக்கு மாற்றினார். பட்டறை தொழிற்சாலையாயிற்று, தொழிற்சாலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தந்தை செய்த வேலையை மகனும் பேரனும் அதே கூரையின்கீழ்த் தொடர்ந்தனர்.

போரும் அமைதியும்

படைக்கலத் தொழிலுக்கு ஓர் இயல்பு உண்டு. போர்க்காலத்தில் தேவை பெருகும். அமைதி திரும்பியதும் அது சுருங்கும். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இலியன் தொழிற்சாலை அரசுக்குப் பெருமளவில் துப்பாக்கிகளை வழங்கியது. போர் முடிந்ததும் அரசின் கொள்முதல் நின்றது. எனினும், உலோகத்தை நுட்பமாகக் கடைந்து பொருத்தும் தொழிலாளர்கள் அங்கே இருந்தனர். அவர்களின் கைத்திறனை நம்பி உழவுக்கருவிகள், தையற்பொறிகள் ஆகியவற்றின் ஆக்கத்தில் நிறுவனம் ஈடுபட்டது.

1873இல் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் குழுவினர் உருவாக்கிய தட்டச்சுப்பொறியைத் தயாரிக்கும் உரிமையையும் ரெமிங்டன் பெற்றது. அடுத்த ஆண்டே அப்பொறி விற்பனைக்கு வந்தது. இன்று நம் கணினியின் ஆங்கில விசைப்பலகையில் காணும் எழுத்து வரிசை, அப்பொறியின் வழியாகவே உலகெங்கும் பரவியது.

முதல் வீழ்ச்சி

புதிய தொழில்கள் உடனே ஆதாயம் தரவில்லை, கடன் பெருகியது. 1886இல் நிறுவனம் தட்டச்சுப்பொறிப் பிரிவை விற்றது. வளரவிருந்த தொழில் கைமாறியும் கடன் தீரவில்லை. அதே ஆண்டில் நிறுவனம் நொடித்தது. 1888இல் நியூயார்க் வணிகர் மார்செல்லஸ் ஹார்ட்லியின் நிறுவனமும், துப்பாக்கித் தொழிலில் போட்டியாளராக இருந்த வின்செஸ்டர் நிறுவனமும் சேர்ந்து ரெமிங்டனை வாங்கின.

இங்கு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. உரிமையாளர் மாறினர், பட்டறை மாறவில்லை. இயந்திரங்களும் அவற்றை இயக்கும் தொழிலாளர்களும் இலியனிலேயே இருந்தனர். ஆகவே நிறுவனம் மீண்டெழுந்தது. 1933இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆளுகைக்குள் வந்தபின் அறுபது ஆண்டுகள் நிலைபெற்றிருந்தது. 1950இல் அறிமுகமான 870 என்னும் வகைத் துப்பாக்கி மட்டும் ஒரு கோடிக்குமேல் தயாரிக்கப்பட்டது.

கடனால் விரிந்த குடை

1993இல் டூபான்ட் இந்நிறுவனத்தை முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. 2007இல் செர்பரஸ் என்னும் மற்றொரு முதலீட்டு நிறுவனம் இதனை வாங்கியது. நலிந்த நிறுவனங்களை வாங்கி, ஒருங்கிணைத்து, மதிப்பை உயர்த்தி விற்பது இத்தகைய முதலீட்டாளர்களின் வழக்கம். புஷ்மாஸ்டர், மார்லின் முதலிய துப்பாக்கி நிறுவனங்கள் ரெமிங்டனுடன் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. குடை விரிந்தது, அதனைத் தாங்கிய கடனும் வளர்ந்தது.

மார்லின் நிறுவனத்தின் கதை இங்கு ஒரு பாடமாகும். 1870இல் தோன்றிய அந்நிறுவனத்தின் கனெக்டிகட் மாநிலத் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டு, உற்பத்தி வேறிடங்களுக்கு மாற்றப்பட்டது. பழைய இயந்திரங்களை இடம்பெயர்க்க முடிந்தது. ஆனால், அவற்றின் போக்கறிந்து ஒவ்வோர் உறுப்பையும் பொருத்திய தொழிலாளர்களின் பட்டறிவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர இயலவில்லை. மாற்றத்துக்குப்பின் வந்த துப்பாக்கிகளில் குறைகள் மிகுந்தன எனப் பயன்படுத்துவோர் முறையிட்டனர். கைத்திறன் கணக்கேட்டில் எழுதப்படாத முதல் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பொறுப்பு என்னும் வினா

2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி பயன்படுத்தியது ரெமிங்டன் குழுமத்தைச் சேர்ந்த புஷ்மாஸ்டர் துப்பாக்கி. ஒரு பொருளை விற்பவரின் பொறுப்பு விற்பனையோடு முடிந்துவிடுமா என்னும் வினா எழுந்தது. துப்பாக்கி நிறுவனங்களைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் அமெரிக்காவில் 2005 முதல் உள்ளது. எனினும், உயிரிழந்தோருள் ஒன்பது பேரின் குடும்பத்தினர் அத்துப்பாக்கி விளம்பரம் செய்யப்பட்ட முறையையே குற்றமாகக் காட்டி வழக்காடினர். 2022இல் அவர்களுக்கு 7.3 கோடி டாலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

இரண்டாம் வீழ்ச்சி

புதிய கட்டுப்பாடுகள் வருமோ என்று அஞ்சும்போதெல்லாம் அமெரிக்க மக்கள் விரைந்து துப்பாக்கி வாங்குவர். 2016ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் அவ்வச்சம் தணிந்தது, விற்பனையும் சரிந்தது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நிறுவனம் இச்சரிவைத் தாங்கவில்லை. 2018 மார்ச்சில் அது நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கோரியது. 70 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன் குறைக்கப்பட்டது. ஆயினும் 2020 ஜூலையில் மீண்டும் அதே நீதிமன்றப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. இம்முறை நிறுவனம் கூறுகூறாகப் பிரித்து விற்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இலியன் தொழிலாளர்கள் ஏறத்தாழ அறுநூறு பேர் வேலையிழந்தனர்.

தொழிற்சாலையை வாங்கியோர் 2021இல் அதனைச் சிறிய அளவில் திறந்தனர். ஆனால், ஜார்ஜியா மாநிலம் துப்பாக்கித் தொழிலை வரவேற்கிறது என்று கூறி, உற்பத்தியை அங்கு மாற்றுவதாக 2023 இறுதியில் அறிவித்தனர். 2024 மார்ச்சில் இலியன் தொழிற்சாலை மூடப்பட்டது. 1828 முதல் ஊருக்கு உணவளித்த உலை அணைந்தது. ரெமிங்டன் என்னும் பெயர் இன்றும் சந்தையில் இருக்கிறது. அப்பெயருக்கு மதிப்பைத் தேடித்தந்த ஊரில் அது இல்லை.

நிறைவாக

முதல் வீழ்ச்சியில் நிறுவனம் பணத்தை இழந்தது, கைத்திறனை இழக்கவில்லை. ஆகவே எழுந்தது. இரண்டாம் வீழ்ச்சியில் அது வாங்கி விற்கும் பொருளாகவே கருதப்பட்டது. பெயரும் இயந்திரமும் தனித்தனியே விலைபோயின. தொழிலாளரின் கைத்திறன் தனித்து நின்றது. போரையும் அச்சத்தையும் நம்பிய வளம் அவற்றோடு ஏறி அவற்றோடு இறங்கும். தொழிலாளரின் திறனும் மக்களின் நம்பிக்கையுமே ஒரு நிறுவனத்தை எழுப்பி நிறுத்துவன. முதுமை மட்டுமே எந்த நிறுவனத்தையும் காத்துவிடாது.

கற்பவை கற்றபின்...

1. ரெமிங்டன் நிறுவனத்தின் இரு வீழ்ச்சிகளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.
2. 'கைத்திறன் கணக்கேட்டில் எழுதப்படாத முதல்' – உம் ஊரில் வழங்கும் ஒரு தொழிலைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
3. பொருளை உருவாக்குவோருக்கு அதன் பயன்பாட்டில் பொறுப்பு உண்டா? வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.