மறுக்கும் முன் மில்லுக்குள் ஒரு நடை



சென்னையில் தலைமையகம் உள்ள ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கோவை அலுவலகத்தில், அதுவும் அண்டர்ரைட்டிங் பிரிவில், உனக்கு வேலை கிடைத்ததாக உன் அப்பன் சொன்னான். பாலிசி விற்கும் ஏஜெண்டை ஊருக்கே தெரியும். இந்த மில்லை எடுக்கலாம், அந்தக் குடோன் வேண்டாம் என்று உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரை யாருக்கும் தெரியாது. அந்த நாற்காலியில் வெகுகாலம் இருந்தவர் என்ற உரிமையில் பெரியப்பா எழுதுகிறார், கண்ணு. பொறுமையாகப் படி.

சேர்ந்த வாரத்திலேயே உன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். எல்லா நிறுவனத்திலும் அது உண்டு. விருப்பமானவை, மேலிடத்தைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டியவை, தொடவே கூடாதவை என்று மூன்று வரிசை. முதல் வரிசையில் அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, லேத் பட்டறை, பம்ப்செட் தொழிற்சாலை. நடுவில் நூற்பாலை, பனியன் கம்பெனி, அரிசி ஆலை. கடைசியில் பட்டாசு, தீப்பெட்டி, ஜின்னிங் மில், வேஸ்ட் குடோன், மரக்கடை, ஃபோம் மெத்தை, தின்னர் கலக்கும் பெயிண்ட் கம்பெனி. இந்த வரிசைகள் யாரோ ஒரு மேனேஜரின் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை அல்ல. பல ஆண்டு நஷ்டக் கணக்கு அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது.

அந்தக் கணக்குக்கு ஒரு கதை உண்டு. 2006 முடியும் வரை இந்தியாவில் தீ காப்பீட்டுக்கு ஒரே விலைதான். கட்டண ஆலோசனைக் குழு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ரேட் வைத்திருந்தது. அண்டர்ரைட்டருக்குப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தால் போதும். 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு போனது. வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டியில் பழைய கட்டணத்தில் 90 சதவீதம் வரைகூடத் தள்ளுபடி கொடுத்தார்கள். எரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைவிட, பக்கத்து நிறுவனம் என்ன விலை சொன்னது என்ற கேள்வியே பெரிதாகிப்போனது. கடைசியில் 2019 மார்ச்சில் தேசிய மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ தலையிட்டது. நஷ்டம் அதிகம் வரும் எட்டுத் தொழில்களுக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் பிரீமியம் வாங்கினால்தான் தன் ஆதரவு உண்டு என்றது. பிறகு அந்த எண்ணிக்கை நீண்டது.

இதை எழுதக் காரணம், பட்டியலை எழுதும் கை பெரும்பாலும் மறுகாப்பீட்டாளருடையது என்பதுதான். ஒரு வட்டாரத்தை நம்பி நடக்கும் நிறுவனம், 40 கோடி ரூபாய் மில் ஒன்றை எடுத்தால் முழுச் சுமையையும் தன் தோளில் வைத்துக்கொள்ளாது. ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியை டிரீட்டி என்னும் ஒப்பந்தப்படி மறுகாப்பீட்டாளரிடம் தள்ளிவிடும். டிரீட்டியில் இடமில்லாத தொழில் என்றால் ஒவ்வொரு மில்லுக்கும் தனித்தனியாக ஆள் தேட வேண்டும். தேடும் சிரமத்துக்கு அஞ்சி, மறுத்து ‘டிக்லைன்’ என்று எழுதிவிடுவது சுலபம். அந்தச் சுலபத்தைப் பற்றித்தான் பெரியப்பாவின் கவலை.

நடு வரிசையில் இருக்கும் நூற்பாலையையே எடுத்துக்கொள்வோம். உன் மேசைக்கு அதிகம் வரப்போவது அதுதான். தீ எங்கே பிறக்கிறது என்று எந்த மேஸ்திரியைக் கேட்டாலும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமைக் காட்டுவார். பஞ்சுப் பேலின் இரும்புப் பட்டையை வெட்டும்போது ஒரு துண்டு உள்ளே விழுந்துவிடும். சுழலும் பீட்டரில் அது மோதினால் பொறி. பொறி பட்ட பஞ்சு குழாய் வழியாகக் காற்றோடு அடுத்த எந்திரத்துக்கு ஓடும். தூசி அறையில் போய்ப் பற்றும். நல்ல மில்லில் வழியிலேயே மெட்டல் டிடெக்டரும் ஸ்பார்க் டைவர்ட்டரும் இருக்கும். பொறி கண்டதும் அந்தப் பஞ்சு தனியே ஒதுக்கப்படும்.

கருவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று பதிவேட்டைக் கேள். டியூப்லைட் பட்டியின் மேல் விரலை வைத்து இழு. பஞ்சுத் தூசி எத்தனை தடிமன் என்று தெரிந்துவிடும். ஸ்விட்ச் போர்டின் கதவைத் திறக்கச் சொல். தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா, பீடித் துண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார். பேல் குடோனுக்கும் மில்லுக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி என்று நடந்து பார். பேல் பற்றினால் வெளியே அணைந்ததுபோல் இருந்து உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்; அப்போது அந்த இடைவெளிதான் மில்லைக் காப்பாற்றும். ஒரே ரோட்டில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு மில்களில் ஒன்றைத் தயங்காமல் எடுக்கலாம், மற்றதை எந்த விலைக்கும் எடுக்க முடியாது என்பது இப்படிப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

இது இன்றைக்கு வந்த ஞானமும் இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸக்கரியா ஆலன் என்றொரு மில் முதலாளி இருந்தார். 1822இல் கட்டிய தன் துணி மில்லில் கனமான தீத்தடுப்புக் கதவுகள், தண்ணீர் பம்ப், நீர் தெளிக்கும் குழாய்கள் எல்லாம் வைத்தார். இவ்வளவு செய்திருக்கிறேனே, பிரீமியத்தைக் குறையுங்கள் என்று காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டார். மில் என்றால் மில்தான், எல்லோருக்கும் ஒரே விலை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆலன் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மில் முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1835இல் ஒரு பரஸ்பர காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஒழுங்காக நடக்கும் மில்லுக்கு மட்டுமே அதில் இடம். அந்த மரபில் வளர்ந்த நிறுவனம் இன்று எஃப்.எம். என்ற பெயரில் பல நாடுகளில் இயங்குகிறது. இப்போதும் பொறியாளர்களை அனுப்பி ஆலைகளைச் சோதிக்கிறது. பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்ததோடு நிற்கவில்லை. ஒரு போட்டியாளரையும் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

பட்டியல் மறுபக்கமும் ஏமாற்றும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது நீரில் மூழ்கியவற்றில் பல, முதல் வரிசைத் தொழில்கள். அலுவலகங்கள், ஷோரூம்கள், கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர்ப் பட்டறைகள். தீப்பிடிக்க வாய்ப்பில்லாத லேத் மெஷினும் சி.என்.சி. எந்திரமும் தண்ணீரில் நின்றன. அந்த வெள்ளத்தில் வந்த கோரிக்கைகள் 5,000 கோடி ரூபாயை ஒட்டியவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் மறுபடி மூழ்கியது. ஒரே எஸ்டேட்டில் இருநூறு சின்னப் பாலிசி வைத்திருப்பவர் அபாயத்தைப் பரவலாக்கியதாக நினைத்துக்கொள்ளலாம். மழைக்கு அவை எல்லாம் ஒரே பாலிசி. வட்டார நிறுவனத்துக்கு இந்தக் குவிப்புதான் பெரிய ஆபத்து. ஆகவே தொழில் எது என்று கேட்கும்போதே தரைமட்டம் எவ்வளவு, பக்கத்தில் ஏரி எங்கே, எந்திரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்றும் கேள்.

தொடவே கூடாத வரிசைக்கு நியாயமே இல்லையா என்று கேட்பாய். உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அனுமதித்ததைவிட அதிக ஆட்களும் அதிக ரசாயனமும் உள்ளே இருந்தது பிறகு வெளிவந்தது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. நீ போய்ப் பார்க்கும் நாளில் நான்கு பேர்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. நாள்தோறும் மாறும் அபாயத்தைக் கோவையில் உட்கார்ந்துகொண்டு கண்காணிக்க முடியாது. அதை ஒரு சிறிய நிறுவனம் மறுத்தால் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாசுக்குப் பயந்து அதே சிவகாசியில் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அடிக்கும் அச்சகத்தையும் சேர்த்து மறுத்தால் அது சோம்பேறித்தனம். பின்கோடைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு அண்டர்ரைட்டர் தேவையில்லை.

கட்டடத்தைப் பார்த்த பிறகு ஆளையும் பார். வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறதா, விற்காத சரக்கு குடோனில் ஏறிக்கொண்டே போகிறதா, வருடா வருடம் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றுகிறாரா, பழைய கிளெய்ம் விவரம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாரா? நான்கில் இரண்டு இருந்தாலே கோப்பை மேலே அனுப்பு.

காப்பீட்டுத் தொகையையும் சும்மா விடாதே. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, 10 கோடி மதிப்புள்ள சொத்தை 6 கோடிக்குக் காட்டுவார்கள். 2 கோடி நஷ்டம் வந்தால் அதே விகிதத்தில் 1.2 கோடிதான் கிடைக்கும். மீதி 80 லட்சம் முதலாளி தலையில். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி 5 கோடி வரைக்கும், பாரத் லகு உத்யம் சுரக்ஷா 50 கோடி வரைக்கும் பொருந்தும். இரண்டிலும் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியதைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் வெட்டுதான். இதைப் பாலிசி கொடுக்கும்போதே முதலாளியிடம் சொல்லிவிடு. எரிந்த பிறகு சர்வேயர் வாயால் அவர் கேட்கக் கூடாது.

இனி ‘டிக்லைன்’ என்று எழுதுவதைப் பற்றி. புரபோசல் ஃபார்மில், “வேறு எந்த நிறுவனமாவது உங்களை மறுத்ததுண்டா?” என்றொரு கேள்வி வழக்கமாக இருக்கும். நீ மறுத்தால் அடுத்த வாசலில் அவர் அதைச் சொல்லியாக வேண்டும்; மறைத்தால் பின்னால் கிளெய்மே ஆட்டம் காணும். காப்பீடு இல்லாவிட்டால் வங்கியும் சரக்கின் பேரில் கடன் கொடுக்கத் தயங்கும். கடன் நின்றால் கூலி நிற்கும். மறுப்புக்கும் சம்மதத்துக்கும் நடுவே எத்தனையோ வழி இருக்கிறது. குடோனை மட்டும் விட்டுவிட்டு மில்லை எடுக்கலாம். நஷ்டத்தில் முதலாளியே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையை உயர்த்தலாம். மூன்று மாதத்தில் ஹைட்ரண்ட் போட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். இன்னொரு நிறுவனத்தோடு பங்கு போட்டு எடுக்கலாம்.

இதில் எதுவும் ஒத்துவராத இடமும் வரும். அங்கே தயங்காமல் மறுத்துவிடு. மாதக் கடைசி டார்கெட்டுக்காக மேனேஜர் நெருக்கினாலும், கோப்பில் உன் கருத்தை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடு.

இந்த மாதம் மறுக்க வேண்டும் என்று தோன்றும் மூன்று கோப்புகளைத் தனியே எடுத்து வை. மூன்று இடத்துக்கும் நேரில் போ. திரும்பி வந்தும் மறுப்புதான் முடிவென்றால், எதைச் சரிசெய்தால் ஏற்போம் என்று முதலாளிக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அவர் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தால் ரேட்டைக் குறைத்துக் கொடுக்க மேலிடத்தோடு சண்டை போடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா