அச்சேறிய சாகசக் கதைகளும் எழுத்துவழி ஆட்டமும்

முன்னுரை

புதிய இலக்கிய வடிவங்களை வரவேற்று வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் முதலிய வடிவங்களை இசுலாமியப் புலவர்கள் தமிழுக்கு வழங்கினர். வண்ணப் பரிமளப் புலவர் 1572ஆம் ஆண்டில் இயற்றிய 'ஆயிர மசலா' வினாவும் விடையுமாகவே நடப்பது. வினாவும் விடையுமாய்ப் பலர் கூடி ஒரு கதையை வளர்க்கும் ஆட்டம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. சமய நூலையும் பொழுதுபோக்கையும் பொருளால் ஒப்பிடுவது நம் கருத்தன்று. வடிவம் ஒன்றையே ஈண்டுச் சுட்டுகிறோம். பாத்திரமேற்பு ஆட்டம் எனத்தக்க அதற்கென அச்சிடப்பெறும் சாகசக் கதைகளை, நேரில் கூடாது எழுதியே ஆடுவோர் எவ்வாறு பயன்கொள்ளலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் தோற்றமும் முறையும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974ஆம் ஆண்டு மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. இதில் ஒருவர் நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். "கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ முனகும் ஒலி கேட்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என நடுவர் வினவுவார். ஒருவர் கதவைத் தட்டுவார். ஒருவர் பூட்டைத் திறக்க முயல்வார். ஒருவர் திரும்பிப் போய்விடலாம் என்பார். ஐயத்திற்குரிய செயலின் முடிவைப் பகடை உரைக்கும். அம்முடிவிலிருந்து கதை மேலே செல்லும்.

அச்சேறிய கதையின் இயல்பு

தாமே கதை புனைய இயலாத நடுவர்களுக்கு உதவும் பொருட்டு ஆயத்தக் கதைகள் அச்சேறத் தொடங்கின. 1975ஆம் ஆண்டில் போட்டி ஒன்றிற்கெனக் கைகாக்ஸ் அமைத்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1978ஆம் ஆண்டு நூலாயிற்று. ஆடுவோர்க்குக் காட்டுவதற்கென்றே ஒரு படத்தொகுப்பும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது.

இவ்வேடுகளை நாவலைப் படிப்பது போலப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். இவற்றில் இடமும், அங்குள்ளோரும், அவர்தம் எண்ணமும் உண்டு. முடிவு மட்டும் இராது. மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' என்னும் ஏட்டில், அறைகளில் எவ்வுயிர் உள்ளது, எப்பொருள் உள்ளது என்பதை நடுவரே எழுதிக்கொள்ள வெற்றிடம் விடப்பட்டுள்ளது. கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்னும் ஏட்டில் கோட்டைத் தலைவருக்கும் அங்கு வாழ்வோருக்கும் இயற்பெயர் இல்லை. தலைவர், வணிகர் எனத் தொழிலே சுட்டப்படுகிறது. இவ்வெற்றிடங்கள் குறைபாடுகள் அல்ல. பிறர் வந்து நிறைவு செய்வதற்கென்றே ஆசிரியர் விட்டுவைத்தவை. நம் தெருக்கூத்தில் எழுதிய கதையைக் கட்டியங்காரன் அன்றைய அவைக்கேற்ப விரித்தும் சுருக்கியும் கொண்டு செல்வதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

எழுத்துவழி ஆட்டத்தின் இடர்

தொலைவில் இருப்போர் எழுதி ஆடும் வழக்கம் பழையது. அஞ்சல்வழிச் சதுரங்கம் நெடுநாளாக உண்டு. ரிக் லூமிஸ் என்பார் 1970ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிப் போர் விளையாட்டைத் தொடங்கினார். பின்னர்க் கணினி வலைப்பின்னல் வந்ததும் பாத்திரமேற்பு ஆட்டமும் எழுத்துக்கு மாறியது.

அச்சேறிய கதைகளோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவோர்க்கு எழுதப்பட்டவை. மேசையில் ஒரு வினாவிற்கு நொடியில் விடை வரும். எழுத்தில் இரண்டு நாள் ஆகும். ஐம்பது அறைகள் உள்ள கதையில் ஓர் அறைக்கு இருமுறை வினவ நேர்ந்தாலும் இருநூறு நாட்கள் கழியும். அதற்குள் ஒருவர் தேர்வுக்குப் போவார்; ஒருவர் ஊர் மாறுவார்; ஒருவருக்கு ஆர்வம் குன்றும். கதை நடுவழியில் நின்றுவிடும். எழுத்துவழி ஆட்டத்தின் முதற்பகை இந்தக் காலத்தாழ்வே எனலாம்.

சுருக்கலும் மாற்றலும்

ஆகவே நடுவர் முதற்கண் செய்யத்தக்கது சுருக்கம். மேற்கூறிய கைகாக்ஸின் ஏட்டையே சான்றாகக் கொள்வோம். அதில் பல குகைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கூட்டம் வாழ்கிறது. ஒரு குகையில் வணிகர் ஒருவரும் அவர் மனைவியும் சிறைப்பட்டிருக்கின்றனர். எழுத்துவழி நடத்துபவர் ஏனைய குகைகளை விலக்கி, 'சென்ற வணிகர் திரும்பவில்லை' என்னும் செய்தியோடு கதையைத் தொடங்கலாம். ஆடுவோர்க்குத் தெளிவான குறிக்கோள் கிடைக்கும். மீட்டதும் கதை நிறைவுறும். அதே ஏட்டிலுள்ள தீய வழிபாட்டிடம் போன்ற பகுதிகள் தம் குழுவினர்க்கு ஒவ்வாதவை எனின் அவற்றை விடுத்தும் நடத்தலாம், கதை சிதையாது.

இரண்டாவது, வெற்று வினாக்களைத் தவிர்த்தல். "இடைவழியில் நடக்கிறீர்களா?" என வினவி இரண்டு நாள் காத்திருத்தல் வீண். நடந்ததாகவே எழுதி, வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி வினவ வேண்டும். ஒவ்வொரு மடலும் ஒரு தேர்வில் முடிதல் நன்று.

மூன்றாவது, எழுத்துக்கு இயல்பாகப் பொருந்தும் கதையைத் தெரிந்தெடுத்தல். 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோதெப்' என்னும் துப்பறியும் கதையில் கடிதங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் ஆடுவோர் கையில் தரப்படுகின்றன. அது மிக நீண்ட கதை. முழுமையும் எழுதி ஆடுதல் எளிதன்று. ஆயினும் அம்முறை எழுத்துக்கு ஏற்றது. மேசையில் ஒரு கடிதத்தை விரைந்து படித்து வைத்துவிடுவர். எழுத்தில் ஆடுவோர் அதனை மீண்டும் மீண்டும் படித்து நுண்பொருள் காண்பர். மெதுவான நடை ஈண்டுக் குறையாகாது நிறையாகிறது.

நம்பிக்கை என்னும் அமானிதம்

இனி, சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சேறிய ஏட்டை எவரும் வாங்கிப் படிக்கலாம். எந்த அறையில் பொறி உள்ளது, எவர் வஞ்சகர் என்பவை அதில் வெளிப்படையாக உள்ளன. மேசையில் பகடை எல்லோர் கண்முன்னும் உருளும்; எழுத்திலோ, தானே உருட்டிய பகடை ஆறு காட்டியது என ஒருவர் எழுதினால் பிறர் நம்பவே வேண்டும். அவர் ஏட்டைப் புரட்டினாரா என்பதைக் காண்பாரும் இலர்.

இந்நிலையில் ஆட்டத்தைத் தாங்குவது அமானிதம் ஒன்றே. முன்பே அக்கதையைப் படித்தவர் நடுவரிடம் தனியே உரைத்துவிடுதல் முறை. ஆட்டத்தில் தம் பாத்திரம் அறியக்கூடியதை மட்டுமே கொண்டு முடிவு செய்தல் முறை. நடுவர்க்கும் இக்கடமை உண்டு. ஏட்டில் உள்ள முடிவுக்கே இழுத்துச் செல்லும் நோக்கில் ஆடுவோரின் தேர்வைப் பொருளற்றதாக்குதல் அவர்தம் நம்பிக்கைக்கு இழைக்கும் தீங்காகும். வணிகரை மீட்கப் படை திரட்டாது, பிணைப்பணம் தர முன்வந்தால், ஏட்டில் அவ்வழி இல்லையெனினும் நடுவர் அதற்கு வழிவிட வேண்டும். இவ்விருவகை நேர்மையும் இல்லையேல் எஞ்சுவது, ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுக்கும் வேலையே.

முடிவுரை

அச்சேறிய சாகசக் கதை ஆயத்த உணவன்று. அடுப்பேற்றக் காத்திருக்கும் அரிசி எனலாம். அளவறிந்து சுருக்கும் நடுவரும், கண்காணிப்பு இல்லாவிடத்தும் நேர்மை காக்கும் ஆடுவோரும் கூடினால் எழுத்துவழியிலும் அது சுவைபட முடியும். இவ்வாட்டத்தை நம் மாணவர்கள் தமிழில் எழுதி ஆடுவராயின் விரைந்து எண்ணவும், தெளிவாக எழுதவும், பிறர் சொல்லுக்கு இடம் தரவும் பழகுவர். யாரும் காணாத இடத்தில் உண்மை பேசும் பயிற்சியும் அவர்களுக்கு வாய்க்கும். மற்றப் பயன்களினும் இதுவே தலையாயது எனில் மிகையாகாது.