'ஆர்' இல்லாத மாதத்தில் சிப்பி சாப்பிடலாமா?

ஐரோப்பியர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆங்கில மாதத்தின் பெயரில் 'ஆர்' எழுத்து இல்லாவிட்டால், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, சிப்பியைத் தொட மாட்டார்கள். சிப்பியைப் பச்சையாகவே விழுங்குகிறவர்களாச்சே! வெயிலில் கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது. ஆனால் முக்கியமான காரணம் வேறு. அது சிப்பியின் பிரசவ காலம்.

அங்கே காலங்காலமாக வாழும் தட்டைச் சிப்பி, முட்டைகளைக் கடலில் விடாது. தன் ஓட்டுக்குள்ளேயே ஒரு வாரம், பத்து நாள் வைத்து அடைகாக்கும். முதலில் பால் வெள்ளையாக இருக்கும் குஞ்சுகள், ஓடு வளர வளரச் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துவிடும். அந்தச் சமயத்தில் வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். குஞ்சுகளை வெளியே அனுப்பிய தாயோ சத்தெல்லாம் வற்றி, இளைத்துக் கிடக்கும். அதைவிட, அடைகாக்கிற சிப்பியைப் பிடித்தால் அடுத்த தலைமுறையே போச்சு! பிரிட்டனில் 1967-ம் ஆண்டுச் சட்டம் கோடையில் இதன் விற்பனையைத் தடை செய்தது.

1960, 70-களில் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். ஜப்பான் பக்கத்துச் சரக்கு. இதற்கு அடைகாக்கிற வேலையெல்லாம் கிடையாது. கோடையில் முட்டைகளைக் கோடிக்கணக்கில் கடலில் கொட்டிவிடும். கரு உண்டாவதும் வெளியேதான். அதற்குத் தண்ணீர் ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி சூடாக இருக்க வேண்டும். பிரிட்டன் கடல் ஜில்லென்று இருக்கிறதே, இது எங்கே பெருகப் போகிறது என்று நம்பினார்கள். கடல் சூடேறியது, இன்று தெற்குக் கரையில் தானாகவே பெருகிக் கிடக்கிறது.

இதையும் கோடையில் நறநறப்பு இல்லாமல் சாப்பிடலாம். ஆனால் உடம்பெல்லாம் முட்டையும் விந்துமாக, பால் போலக் கொழகொழவென்று இருக்கும். இனிப்புச் சுவை தரும் கிளைகோஜன் இனவிருத்திக்கே செலவாகிவிடுகிறது. அதனால்தான் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட, பெரும்பாலும் மலட்டுச் சிப்பியை உருவாக்கினார்கள். அது வருஷம் முழுக்கக் கொழுகொழு!

அப்படியானால் எந்த மாதமும் பச்சையாகச் சாப்பிடலாமா? இங்கேதான் ஏமாறக் கூடாது. மலட்டுத்தன்மைக்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. கோடை வெதுவெதுப்பில் விப்ரியோ பாக்டீரியா பெருகும். 'ஆர்' உள்ள குளிர்மாதங்களிலோ சாக்கடை கலந்த நீரிலிருந்து நோரோ வைரஸ் வந்து வாந்தி, பேதியில் தள்ளும். பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. எலுமிச்சை பிழிந்தாலும் சாகாது.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன், பாரிஸ் போகிறவர்களில் கர்ப்பிணிகள், முதியவர்கள், ஈரல் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் பச்சைச் சிப்பியை எந்த மாதமும் தொடவே வேண்டாம். ஆசையாக இருந்தால், உட்புறச் சதை 90 டிகிரியில் ஒன்றரை நிமிடமாவது வெந்த பிறகு சாப்பிடுங்கள்.